மாமா வைத்த மரமும் அப்பா பதித்த குழாயும்

ராஜபாளையம்,
12.2.1991, செவ்வாய் இரவு.

மரியாதைக்குரிய சோலைராஜ் மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகள் வெள்ளத்தாய் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு அம்மா நலம், அப்பா நலம், நானும் நலம். கழிப்பறை மட்டும் நலமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்களும் அத்தையும் எல்லா வசதிகளோடும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கேயாவது எழுத்து கோணியிருந்தால், அந்த இடத்தில் அப்பா இருமினார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியது தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கலக்கினால் போவதற்கும் இப்போது வீட்டில் இடமில்லை.

விஷயம் இதுதான் மாமா. அம்மா கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராக நீங்கள் கொண்டுவந்து புறவாசலில் நட்டீர்களே, அந்தச் சப்பட்டை மாமரத்தை வருகிற சனிக்கிழமை வெட்டப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை மரத்தில் கோடரி வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் ஒருநாள் தள்ளியிருக்கிறது. மரம் வெட்டும் உக்கிரபாண்டி வந்து, மரத்தைக் கட்டிப்பிடித்துப் பருமன் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் கட்டிப்பிடித்த விதத்தைப் பார்த்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே நின்றது. அப்பா மில் பிட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்பானருக்கு அடங்காத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவருடைய கொள்கை. முதலில் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார், பாதி மூங்கில் உள்ளேயே தங்கிவிட்டது, அதை எடுக்கக் கம்பியில் கொக்கி மாட்டி விட்டார், கொக்கியும் தங்கிவிட்டது, மரத்து வேர்தான் குழாய்க்குள் புகுந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்த கல் உப்பு முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினார், அதன் பிறகு மில்லில் ஒருவர் பேச்சைக் கேட்டு, அடிமரத்தில் துளை போட்டுப் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்று கட்டிப் பெருங்காயம் வாங்கிவந்து அடைத்தார். மறுநாள் பக்கத்து வீட்டு வேலுத்தாய் அத்தை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “ஏட்டி, ஒங்க வீட்டுல என்ன விருந்து? தெருவே சாம்பார் மணக்கு” என்று கேட்டார்கள். மரமோ பட்டுப்போகவில்லை, இலை தெரியாமல் பூத்துவிட்டது. அம்மா அதன் அடியில் நின்று, “எனக்கு ஒருநாளாவது இம்புட்டுப் பெருங்காயம் வாங்கித் தந்திருப்பாவளா? பொங்கிப் போடுதவளுக்கு இல்ல, ஒனக்குத்தான் யோகம்” என்று மரத்திடம் சொன்னாள்.

இதற்கிடையில் நாங்கள் போவதும் வருவதும் வேலுத்தாய் அத்தை வீட்டுக் கழிப்பறைக்குத்தான். வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொடுத்து அனுப்புகிறாள். கிண்ணத்தோடு யார் தெரு இறங்கினாலும் எதற்கு என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நேற்று நான் ஓடியபோது அத்தை வழியை விட்டு விலகி நின்று, “கொழம்பை இங்கன வச்சுட்டு மொதல்ல நீ போ தாயி” என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் மொக்கைச்சாமி வந்து, மரத்துக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டி, இரண்டு குழாய்கள் சேரும் மூட்டு ஒன்றை உடைத்து, உள்ளேயிருந்து வேரை உருவினார். என் சடையைவிட நீளம். அவர் அதை உயர்த்திப் பிடித்து, “கல்யாணப் பொண்ணுக்குச் சவுரி வைக்கலாம் போலிருக்கே” என்று சிரித்தார். அதன் நுனியில்தான் மாமா நான் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டேன். வேரோடு வேராகப் பஞ்சு ஒட்டியிருந்தது. மில் கழிவுப் பஞ்சு. அதைச் சுற்றிச் சத்திரப்பட்டித் தறியில் நெய்கிற பேண்டேஜ் துணி. அப்பா சட்டென்று அதைக் காலால் மண்ணுக்குள் தள்ளி மிதித்துவிட்டு, “மரந்தான் காரணம்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மாம்பூவைப் பார்த்தேன். “ஏட்டி, உள்ள போயிப் படி” என்றார்.

படித்ததுதான் தப்பாகிவிட்டது. எங்கள் அறிவியல் டீச்சர் தம்ளரில் ஈரப் பஞ்சை வைத்துப் பச்சைப் பயறு முளைக்கவைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஈரப் பஞ்சு இருந்தால் வேர் தேடிக்கொண்டு வந்துவிடும். ஐந்து வருடத்துக்கு முன்னால் குழாய் பதித்த அப்பா, மூட்டுக்குச் சிமெண்டு பூசாமல் பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறார். நீங்கள் போலீஸ் ஏட்டு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்துபோட்டு உள்ளே மெத்தையும் விரித்துவைத்தால் உள்ளே வந்தவன் மேல் மட்டும் கேஸ் போடலாமா? நாலு வயதுக் குழந்தைகூடச் சாக்கடைக் குழாய்க்குப் பஞ்சு வைக்காது. அன்றைக்கு உங்களைப் போல ஒரு புத்திசாலி பக்கத்தில் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

அம்மா, “எங்கண்ணன் வச்ச மரத்துல கோடரி விழுத அன்னைக்கு நான் ஸ்ரீவில்லி பஸ்ல இருப்பேன்” என்றாள். அப்பா, “பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ் இருக்கு” என்றார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அம்மா மஞ்சள் பையில் நாலு சேலையை மடித்து வைத்துவிட்டாள். நான் திறந்து பார்த்தேன். என் பாவாடை ஒன்றுகூட அதில் இல்லை.

ஆகவே மாமா, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் யூனிபாரத்தோடும் லத்தியோடும் வாருங்கள். தற்செயலாக வந்ததுபோல வந்து, குழாயைத் தோண்டச் சொல்லி, அப்பாவை உண்மையை ஒத்துக்கொள்ள வையுங்கள். அடிக்க வேண்டாம், மீசையை முறுக்கினால் போதும். என் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். மரத்தையும் அம்மாவையும் உங்கள் பொறுப்பில் ஒப்படைத்து, உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,

வெள்ளத்தாய்,
ஒன்பதாம் வகுப்பு.

பின்குறிப்பு (புதன்கிழமை): மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் மாமா. நேற்று ராத்திரி அரிசிப் பானைக்குப் பின்னால் எலி என்று நினைத்து அப்பா விளக்குமாற்றோடு வந்துவிட்டார். கடிதத்தை வாங்கி டார்ச் அடித்துப் படித்தார். ‘நாலு வயதுக் குழந்தைகூட’ என்ற இடம் வந்ததும் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். பார்த்தால், அம்மா எழுந்துவிடாமலிருக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

“அன்னைக்குச் சிமெண்டு தீந்துபோச்சு. நாளைக்குப் பாப்பம்னு நான் சொன்னேன். ஒங்க மாமாதான், ‘என்ன மாப்ள, காலொடிஞ்சவனுக்கே பஞ்சும் துணியுந்தான் கட்டுதாம், கொழாய்க்குக் கட்டுனா ஆவாதா’ன்னு, குத்தவச்சு அம்புட்டு மூட்டுக்கும் அவரே கட்டுனாரு” என்றார்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அவளுக்கு அண்ணன்னா சாமி. எம்மேல கோவிச்சா நாலு நாள் போயிட்டு வந்துருவா. சாமி மேல கோவிச்சா எங்க போவா? மரத்து மேல பழியப் போட்டா அதுக்கு வாயி கெடையாது” என்றார். பிறகு புறவாசலை எட்டிப் பார்த்து, “இருந்தாலும் பூத்துத் தொலைச்சிருக்கே” என்றார்.

கடிதத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, “கிழிக்காத. நல்லா ஒட்டிப் போடு. அவரும் வாசிக்கட்டும்” என்றார்.

காலையில் எழுந்ததும் உக்கிரபாண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மூட்டை சிமெண்டு வாங்கிவந்தார். ஆகையால் நீங்கள் யூனிபாரத்தில் வர வேண்டாம். சனிக்கிழமை, பழைய வேட்டியோடு வாருங்கள். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார்.

அம்மாவிடம் அவர், “ஒங்கண்ணன் சனிக்கிழமை வாராராம். மரம் பூத்துருக்கதப் பாக்கணுமாம். கடுதாசி வந்திருக்கு” என்று சொல்லிவிட்டார். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. சேலை நாலும் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. உங்களுக்குச் சாம்பார் வைக்கப்போகிறாளாம், பெருங்காயத்துக்குக் குறைவில்லை. இப்போது அந்தக் கடுதாசியைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா என்னைப் பார்க்கிறார், நான் மாம்பூவைப் பார்க்கிறேன். நீங்கள் எங்களுக்கு எழுதிய கடிதத்தைத் தயவுசெய்து இன்றைக்கே எழுதிப் போடுங்கள்.