மேனேஜர் விட்ட மூன்று அறிக்கைகள்

‘கடவுளைவிட நர்ஸ் பெரியவர் என்று நடிகை சொல்லவே இல்லை’ என்று மேனேஜர் அறிக்கை அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நடிகையின் வீட்டு வாசலில் முதல் செருப்பு வந்து விழுந்தது.

நடிகை அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“நான் அப்படிச் சொன்னேன்னு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலை மேடம். சொல்லிடுவாங்களோன்னு நான் முந்திக்கிட்டேன்.”

மேனேஜருக்கு அவர் மனைவி வைத்திருந்த பெயர் முந்திரிக்கொட்டை. பதினோரு வருடமாக நடிகைக்கு அந்தக் குணம் வசதியாகத்தான் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் புது வார்டு திறப்பு விழா. மேடையில் நடிகை பேசினார்.

“என் அம்மா கடைசி மூணு மாசம் இங்கேதான் இருந்தாங்க. அவங்களுக்குத் தலை வாரிவிட்டு, அழும்போது கையைப் பிடிச்சுக்கிட்டது ஒரு நர்ஸ். கடவுளுக்கு அப்புறமா நன்றி சொல்லிக்கலாம், அவர் கோவிச்சுக்க மாட்டார். முதல்ல அந்த அக்காவுக்குச் சொல்லிடறேன்.”

மேடையில் அவருக்குப் பின்னால் நின்ற மேனேஜருக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் முன்வரிசையிலிருந்த மதப் பெரியவர்கள் இருவர் பாதியில் எழுந்து போனதைப் பார்த்ததும் அவர் மனசுக்குள் அறிக்கை எழுத ஆரம்பித்துவிட்டார். வெள்ளிக்கிழமை புதுப்படம் வெளியாகிறது. மூன்று வருடம் வீட்டில் சும்மா இருந்த நடிகைக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது.

இரண்டாவது அறிக்கை: ‘நடிகை கடவுளையும் நர்ஸையும் சமமாகவே மதிக்கிறார்.’

செருப்புகள் ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்தன.

“சமமா? நல்லா இருக்கே! நாளைக்கு ஆம்புலன்ஸ் டிரைவரையும் சேர்த்துப்பீங்களா?” என்று போனில் ஒருவர் கத்தினார்.

விழா வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் நடிகையின் உதடுகள் மட்டும் அசைந்தன. கீழே அவரவர் இஷ்டப்படி வசனம்.

“வேணும்னே சத்தத்தை எடுத்துட்டானுங்க மேடம், படுபாவிங்க!” என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

மூன்றாவது அறிக்கையை நடிகைக்குக் காட்டாமலே அனுப்பினார்: ‘நர்ஸ் பற்றிய பேச்சை நடிகை முழுமையாகத் திரும்பப் பெறுகிறார்.’

மாலைக்குள் நர்ஸுகளும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒரே மரத்து நிழலில் நின்று, முறை வைத்துக் கோஷம் போட்டன. தியேட்டர்காரர்கள் படத்தைத் தள்ளி வைக்கப்போவதாகச் சொன்னார்கள்.

“மன்னிப்புக் கேட்டுடுங்க மேடம். நிருபர்களை வரச் சொல்லியிருக்கேன். ரெண்டே வரிதான்.”

“எதுக்கு மன்னிப்பு? நன்றி சொன்னதுக்கா?” என்று கேட்டார் நடிகை. “படம் போனாப் போகுது. அம்மா போன அன்னிக்கு அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசாம வந்துட்டேன். ஆறு வருஷமா உறுத்திக்கிட்டே இருந்தது. விழாவுல அவங்க கடைசி வரிசையில நின்னுக்கிட்டிருந்தாங்க. நீங்க ஆயிரம் அறிக்கை விட்டாலும், அவங்க காதுல விழுந்தது விழுந்ததுதானே? எனக்கு அது போதும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக, முந்தி எழுதி வைத்திருந்த அந்த இரண்டு வரியை மேனேஜர் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நிருபர்களுக்காக ஹாலில் மைக் பொருத்திக்கொண்டிருந்த சவுண்ட் சர்வீஸ்காரர், வயரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

“இன்னிக்குக் கவலைப்படாதீங்க மேடம், மூணு தடவை பார்த்துட்டேன். ஆஸ்பத்திரியில ஆன மாதிரி ஆகாது.”

“ஆஸ்பத்திரியில என்ன ஆச்சு?”

“மேடையில உங்களுக்குன்னு வச்ச ஸ்பீக்கர் மட்டும்தான் மேடம் பேசுச்சு. நீங்க வாயைத் திறந்ததுமே கீழே மொத்தமும் செத்துப்போச்சு. ஒரு வார்த்தைகூடக் கேக்கலைன்னு முன்வரிசைப் பெரியவங்க ரெண்டு பேர் எழுந்து வந்து என்னைத் திட்டிட்டுப் போனாங்களே!”