மூன்றாம் பாடத்தின் சரியான விடை

ஜன்னல் அறையை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று பாயிண்ட் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. அவர் வீட்டில் எடுத்த முடிவுகளில் கொஞ்ச நாளாவது உயிரோடு இருந்தவை எல்லாம் இப்படி வாய்க்குள்ளேயே இருந்தவைதான்.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் பயிற்சி அதிகாரி. எதைக் கேட்டாலும், "இதுல மூணு பாயிண்ட் இருக்கு" என்று தொடங்குவார். இரண்டாவது பாயிண்ட் வருவதற்குள் கேட்டவர் இடத்தைக் காலி செய்திருப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

மனைவிக்கும் வேலை உண்டு. சலவை இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனிக்கு வருகிற புகார் அழைப்புகளை வீட்டிலிருந்தே பேசிச் சமாளிக்கும் வேலை. பேச ஆரம்பிக்கும்போது கடித்துக் குதறுகிற மனிதர், போனை வைக்கும்போது "ரொம்ப நன்றிம்மா" என்பார். மெஷின் அப்போதும் ஓடாது, அது வேறு விஷயம். இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்துவந்தாள். முதுகுக்குப் பின்னால் சொந்த வீட்டு மெஷின் தடதடவென்று ஆடிக்கொண்டிருக்கும். "எங்க மெஷின் சத்தமே போடாதுங்க" என்று அவள் சொல்லும் நேரம் பார்த்து அது இன்னும் கொஞ்சம் துள்ளும். அதனால்தான் கதவுள்ள அந்த ஜன்னல் அறையைக் கேட்டாள். அங்கே பாயிண்ட் சாரின் சாய்வு நாற்காலி இருந்தது. அதில் சாய்ந்துதான் அவர் திட்டமிடுவார். குறட்டை வருமளவுக்குத் திட்டமிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் அச்சுப் பிரிவும் பசை ஒட்டும் பிரிவும் ஒரே ஒரு மின்விசிறிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டன. முதலாளி பாயிண்ட் சாரைக் கூப்பிட்டு, மனஸ்தாபம் இல்லாமல் வேலை செய்வது எப்படி என்று ஓர் ஆன்லைன் பாடம் தயார் செய்யச் சொன்னார். ஆட்கள் அவரவர் போனிலேயே பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சண்டை நடக்கும். யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பவர் விரலால் தொட வேண்டும். தவறாகத் தொட்டால் அடுத்த பாடம் திறக்காது.

பாயிண்ட் சாரின் மூளையில் பல்பு எரிந்தது. மூன்றாம் பாடத்தில் ஓர் அறையைக் கொண்டுவந்து வைத்தார். கீழே வேலை பார்க்கும் பெண் அதைக் கேட்கிறாள். மேலாளர் மூன்று பாயிண்டில் மறுக்கிறார். சரியான விடை, மேலாளர். கம்பெனி முழுக்க அப்படித் தொட்ட பிறகு வீட்டில் போய், "நான் சொல்லலைம்மா, கம்பெனியே சொல்லுது" என்று சொல்வதாகத் திட்டம். அந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியும் பார்த்தார். சரியாகத் தொட்டவருக்கு ஒரு சபாஷ். தப்பாகத் தொட்டவருக்கு, "தவறு. உங்கள் பிடிவாதத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்." இதைத் தன் குரலிலேயே பதிவு செய்தார். பிடிவாதம் என்ற சொல்லைப் போதுமான அளவு அழுத்தவில்லை என்று திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்.

பெண் குரல் ஒன்று வேண்டியிருந்தது. வெளியாளைக் கூப்பிடக் கம்பெனி சம்மதிக்கவில்லை. எழுதியதை மனைவியிடமே நீட்டிவிட்டு, செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

அவள் முழுவதையும் நிதானமாகப் படித்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?"

"சும்மா கற்பனைம்மா."

"முதுகுக்குப் பின்னாடி சலவை மெஷின் ஆடுதுங்கறா. அட்டைப்பெட்டி கம்பெனியில எதைத் துவைக்கறாங்க?"

செய்தித்தாள் இருமியது. "அது கண்ணுல படலை. அச்சு மெஷின்னு மாத்திடறேன்."

"மாத்துங்க. மத்தபடி ஒரு எழுத்தைத் தொட வேண்டாம். நல்லா எழுதியிருக்கீங்க."

பாயிண்ட் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மேலாளர் குரலுக்கு ஆள் தேட வேண்டாம், அவரே பேசலாம், அந்த அதட்டல் வேறு யாருக்கும் வராது என்றும் அவள் சொன்னாள். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். கடைசியாக, எந்தப் பாடத்தையும் வேலை செய்கிற நாலு பேரிடம் போட்டுக் காட்டாமல் வெளியிடக் கூடாது என்று எல்லாக் கூட்டத்திலும் அவர் முழங்குவதை ஞாபகப்படுத்தினாள். முதலாளிக்கு அனுப்பும் முன் தொழிலாளிகளுக்குக் காட்டிவிடுவதே முறை என்றாள். மனிதர் வாயெல்லாம் பல்லாக, அதுதான் தன்னுடைய முதல் பாயிண்டே என்றார்.

ஜன்னலை மூடிவிட்டு அந்த அறையிலேயே பதிவு நடந்தது. மேலாளர் இடி இடித்து ஓய்ந்தார். பிறகு அவள் படித்தாள். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அவள் முன்பு அவரிடம் சொன்னதைத்தான் அவர் கிண்டலாக எழுதி வைத்திருந்தார்.

"எனக்கு அறை வேண்டாம் சார். பேசறவங்க சொல்றது காதுல விழணும்." இந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினாள். "அது போதும்."

காதில் மாட்டியிருந்த கருவி வழியாக அதைக் கேட்ட பாயிண்ட் சார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அறையில் தூசி அதிகம் என்று முடிவு செய்துகொண்டார். தினமும் எத்தனையோ கோபக்காரர்களைக் கரைக்கிற குரல் அது என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது மறுநாள், கம்பெனிச் சாப்பாட்டு அறையில். பசைப் பிரிவு மேஸ்திரி, லாரியில் சரக்கு ஏற்றுபவர், கணக்குப் பிரிவு அம்மா என்று ஆளாளுக்குப் பார்த்தார்கள். அத்தனை பேரும் அந்தப் பெண்ணையே தொட்டார்கள். தவறு என்று வந்ததும் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அவளையே தொட்டார்கள். சரக்கு ஏற்றுபவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேஸ்திரி கேட்டார். "யாரு சார் அந்த மேலாளர்? நம்ம கம்பெனி ஆளா?"

"கற்பனை" என்றார் பாயிண்ட் சார், குரலை மாற்றிக்கொண்டு.

"கற்பனையாவே இருக்கட்டும். நேர்ல வந்தா நடக்கறதே வேற."

அன்று மாலை மேஸ்திரி தானாகவே மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் அச்சுப் பிரிவில் வைத்துவிட்டு வந்தார். முதலாளிக்கு ஒரே குஷி. பாடம் பிரமாதம் என்று பயிற்சி அதிகாரியின் முதுகில் தட்டினார். ஒரே ஒரு குறை, மூன்றாம் பாடத்தில் விடையைத் தப்பாகப் போட்டிருக்கிறார். அதைத் திருத்திவிட வேண்டும். பிறகு கம்பெனியில் அத்தனை பேரும் இதைத் தேற வேண்டும், செய்தவர் உட்பட. பாயிண்ட் சாரிடம் மூன்று பாயிண்ட் இருந்தன. முதலாவதைத் தொடங்குவதற்குள் முதலாளி இடத்தைக் காலி செய்திருந்தார். தன் கையாலேயே விடையை மேலாளரிடமிருந்து எடுத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டார். குரல் பதிவுகளை மாற்றவில்லை, மாற்ற மனசும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சாய்வு நாற்காலி சலவை மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. முதலாளி பாராட்டி விடையைத் திருத்தச் சொன்னாராமே என்றாள் மனைவி. அது எப்படித் தெரியும் என்று கேட்டார். கணக்குப் பிரிவு அம்மா போன் செய்து, குரல் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டதாகவும் விடை மாறிவிட்டதாகவும் சொன்னாராம்.

"அதுக்காக அறையை எடுத்துக்கறதா?"

"நான் சொல்லலைங்க, கம்பெனியே சொல்லுது."

கண்ணாடி முன்னால் பழகிய வசனம். அவரைவிட அவள் நன்றாகச் சொன்னாள். கண்ணாடிக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் சமையலறை. இதை அவர் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ஆடாமல் உட்கார்ந்து பாயிண்ட் சார் தான் தயாரித்த பாடத்தின் தேர்வைத் தானே எழுதினார். சத்தத்தில் எதுவும் கேட்காததால் போனின் ஒலியை முழுசாகக் கூட்டி வைத்திருந்தார். மூன்றாம் பாடம் வந்தது. பழக்க தோஷம், விரல் நேராக மேலாளரிடம் போய் நின்றது. அந்த நொடி பார்த்து மெஷின் ஓய்ந்தது. நிசப்தமான வீட்டில் அவருடைய குரல் முழங்கியது.

"தவறு. உங்கள் பிடிவாதத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்."

ஜன்னல் அறையின் கதவு திறந்தது. மனைவி போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கறவர் தன்னைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சு மன்னிப்பே கேட்டுட்டார். நீங்க எப்போ கேக்கப் போறீங்க?"