நாலு நாளில் பத்துப் பேர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். போதாக்குறைக்கு மறதி வேறு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால் வாங்கக் கடைக்குப் போய் நிற்கிறேன். படிப்பகத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஸ்டெல்லா மூன்று தடவை கேட்டுவிட்டாள். நாலாவது தடவையும் கேட்க வைப்பது மரியாதை இல்லை. அதனால் நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். நல்ல காரியமாக யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. மயிலாப்பூரும் ராயப்பேட்டையும் ஒட்டுகிற சந்தில் இருக்கிற நம் படிப்பகத்தில்தான் அப்போது எனக்கு வேலை. கூட்டிப் பெருக்குவேன், பானையில் தண்ணீர் நிரப்புவேன், பேப்பர்களை அடுக்கி வைப்பேன். செயலாளராக இருந்தவர் தணிகாசலம் ஐயா. டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சாமி கிடையாது, சகுனம் கிடையாது. புது வீட்டில் ராகு காலம் பார்த்துப் பால் காய்ச்சியவர். (அவர் வீட்டம்மா மறுநாள் நல்ல நேரத்தில் இன்னொரு தடவை காய்ச்சிக்கொண்டார் என்று கேள்வி.)

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐயா ஒரு பெரிய சார்ட் தாளில் ‘வாரக் கதம்பம்’ எழுதி வாசல் பலகையில் குத்தி வைப்பார். கலை, அரசியல், இன்டர்நெட் என்று மூன்று பத்தி. தி.நகரில் ஒரு நாடகத்தில் அரண்மனைத் தூண் சாய்ந்துபோய், ராஜா அதை முதுகால் தாங்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார் என்றால் அது கலை. ஒரு தலைவர் இந்த வாரம் சொன்னதையும், அதே தலைவர் போன மாதம் சொன்னதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுச் சும்மா இருப்பார்; அது அரசியல். இன்டர்நெட் சமாசாரம் மட்டும் ஸ்டெல்லா கொடுப்பது. தெருமுனையில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தாள். கம்ப்யூட்டரில் வேடிக்கையாக எதைப் பார்த்தாலும் தமிழில் எழுதி அனுப்புவாள்.

ஞாயிறு காலையில் கறிக்கடைக்குப் போய் வருகிறவர்கள் பையோடு நின்று இதைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு பெண்டாட்டிகள் ஐயாவைத் திட்டுவார்கள்.

ஒரு வாரம் ஐயாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்று. கண்ணில் கட்டு, அதற்கு மேல் பச்சைத் துணி. இன்னொரு கண்ணும் அப்படி ஒன்றும் ஒழுங்கில்லை. கதம்பம் நின்றுவிடுமே என்று அவருக்குக் கவலை.

“கோமளா, உன் எழுத்து குண்டு குண்டா நல்லாத்தானே இருக்கு? நான் சொல்றேன், நீ எழுது” என்றார்.

என் எழுத்து குண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. நான் சின்னவளாக இருந்தபோது சாமி பெயர் போட்டுத் தபால் கார்டு வரும். ‘இதேபோல் இத்தனை பேருக்கு எழுது. எழுதினவனுக்குப் புதையல் கிடைத்தது, கிழித்தவன் ரத்தம் கக்கினான்’ என்று இருக்கும். கார்டு வந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை ஏறாது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னை உட்கார வைத்து அத்தனையையும் எழுத வைப்பாள். பள்ளிக்கூடத்தில் எழுதியதைவிட ரத்தம் கக்காமல் இருப்பதற்கு நான் எழுதியதுதான் அதிகம்.

சனிக்கிழமை மத்தியானம் ஐயா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, கலையும் அரசியலும் எழுதி முடித்தேன். “இன்டர்நெட்டு ஸ்டெல்லா குடுத்திருக்கும், அதப் பாத்து எழுதிடு” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஸ்டெல்லா இரண்டு தாள் கொடுத்திருந்தாள். முதல் தாளில் ஏதோ ஒரு தேசத்தில் மீன் தொட்டிக்கு முன்னால் கேமரா வைத்திருக்கிறார்களாம், உலகத்தில் எங்கிருந்தும் அந்த மீனைப் பார்க்கலாமாம். இரண்டாவது தாளைப் பிரித்தேன்.

‘இது ஏழு கடல் தாண்டி உன் கைக்கு வந்திருக்கிறது. நாலு நாளில் பத்துப் பேருக்குச் சேர்த்துவிடு. சேர்த்த ஒருவருக்கு எட்டாம் நாள் சொந்த வீடு அமைந்தது. சிரித்துவிட்டுக் கிழித்த ஒருவருக்கு வேலை போயிற்று, பிள்ளையின் படிப்பும் போயிற்று. உன்னோடு நிறுத்திவிடாதே.’

கார்டு! அம்மா போய்ச் சேர்ந்த பிறகு எந்தக் கார்டும் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது கம்ப்யூட்டர் வழியாக என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. அதுவும் எந்த நேரத்தில்? திங்கட்கிழமை பத்து மணிக்கு என் மகள் வசந்திக்கு அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு நேர்காணல். அவள் அப்பா இல்லாத பெண். அந்த இடம் கிடைக்காவிட்டால் அவளும் என்னைப் போலத் துடைப்பத்தைத்தான் எடுக்க வேண்டும். நன்னடத்தைச் சான்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் தருவதாக ஐயா சொல்லியிருந்தார். ‘பிள்ளையின் படிப்பும் போயிற்று’ என்ற வரி எனக்காகவே எழுதினது போல இருந்தது.

பத்துத் தாள் எழுதி, பத்து வீட்டுக்குப் போய்க் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. யார் வீட்டுக் கதவையும் நான் தட்டினது கிடையாது. காய்கறிக்காரனிடமே கையைக் காட்டித்தான் வாங்குவேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பலகையில் எழுதிவிட்டால் எத்தனையோ பேர் படிப்பார்களே! பத்துக்குப் பத்தும் ஆயிற்று, மேல்கொண்டும் ஆயிற்று. மீனை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் ஒரு சொல் விடாமல் இதை எழுதினேன். நல்லதாக முடியட்டும் என்று தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். (சாமி இல்லை என்கிற படிப்பகத்தில். புத்தியைப் பாருங்கள்.)

குத்திவிட்டு வந்தால் ஐயா விழித்திருந்தார்.

“எல்லாம் எழுதிட்டியா? இன்டர்நெட்டு இன்னா எழுதின, படி கேப்போம்.”

நான் மீன் தாளைக் கையில் எடுத்து, அதைப் படித்துக் காட்டினேன். வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாத பொய்.

“பேஷ்! எங்கயோ ஒரு மீனு நீந்தறத நம்ம சந்துல நின்னு பேசறோம் பாத்தியா? அந்த இன்னொரு தாளு இன்னாச்சு?”

“எடம் பத்தலைங்கய்யா.”

“போவட்டும். அந்த மூட நம்பிக்கையக் கிழிக்கணும்னுதான் ஸ்டெல்லாவ எழுதித் தரச் சொன்னேன். அடுத்த வாரம் கிழி கிழின்னு கிழிச்சிடறேன்!”

எனக்கு உயிரே போய்விட்டது. கிழித்தவனுக்கு வேலை போயிற்று என்று போட்டிருக்கிறதே! ஐயாவோ ஓய்வு பெற்றவர், அவருக்குப் போவதற்கு வேலை இல்லை, கண்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முதலில் வந்தவர் கண்டக்டர் ஏழுமலை. கலையைப் படித்துச் சிரித்தார். அரசியலைப் படித்து, “அட்ச்சான் பாரு!” என்றார். அடுத்த பத்திக்கு வந்தார். கறிப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னாம்மா இது! தெரியாத்தனமா படிச்சித் தொலச்சிட்டேனே! ஒரு பேப்பர் இருந்தா குடு, பேனாவும் குடு.”

பின்னால் நின்றவர், “இன்னா நைனா போட்டுக்கீது?” என்று எட்டிப் பார்த்தார்.

“படிக்காதடா, படிக்காதடா!”

படிக்காதே என்றால் நம் தெருவில் யார் படிக்காமல் இருப்பார்கள்? ஒன்பது மணிக்குப் படிப்பகத்தில் ஒரு வெள்ளைத் தாள் மிச்சமில்லை. பத்திரிகை ஓரத்தைக் கிழித்து எழுதினார்கள், காலண்டரின் பின்பக்கம் எழுதினார்கள். ஜெராக்ஸ் கடையை ஞாயிற்றுக்கிழமையில் திறக்க வைத்தார்கள். கறிக்கடை பாய் பொட்டலத்துக்குள் ஒன்று வைத்துக் கட்டினார். ஏழுமலை அன்றைக்கு டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஒருத்தர் பத்துப் பேருக்கு, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு. ஒரு சந்தில் எத்தனை பேர்தான் இருப்பார்கள்? பதினோரு மணிக்கு ஆள் தீர்ந்துபோயிற்று. “எனக்கு ஏற்கெனவே நாலு வந்துட்ச்சி, கிட்ட வராத!” என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை. கோபாலபுரத்துப் பங்களா கேட்டுகளில் செருகிவிட்டு வருவதற்கு ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

மத்தியானம் ஐயா வந்தார். வீட்டம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஐயாவின் சட்டைப் பை புடைத்திருந்தது. அவர் வீட்டுக்கு மட்டும் பதினோரு தாள் வந்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் நம்பிக்கையான மனுஷர் அவர்தானே!

“நானு நாப்பது வருஷமா எத ஒழிக்கணும்னு கத்தறனோ, அத என் பலகையிலயே எவன் எழுதினது? மஞ்சள் வேற தடவிக்கீதாமே!”

ஸ்டெல்லா ஓடி வந்தாள். “ஐயா, எம்மேலதான் தப்பு. அத நான்தான் பலகையில எழுதினேன், உங்க கிட்ட விவரம் சொல்லாம எழுதிட்டேன்” என்றாள்.

அந்தப் பெண் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் தப்பியிருப்பேன். சான்றும் கிடைத்திருக்கும். ஆனால் ஐயா கட்டுப் போட்ட கண்ணோடு ஸ்டெல்லா பக்கம் முகத்தைத் திருப்பினபோது, முந்தின நாள் மீனைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அதே முகம் எனக்குத் தெரிந்தது. நாலு பேர் நடுவில் அதற்கு முன்னால் வாயைத் திறந்தவள் இல்லை நான்.

“நான்தாங்கய்யா எழுதினது. வசந்திக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு எழுதிட்டேன். உங்க கிட்ட மீனுன்னு பொய் சொன்னேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மூக்கைத் துடைக்க முந்தானையைத் தூக்கினால், அதில் முந்தின நாள் கை துடைத்த மஞ்சள். முகமெல்லாம் அப்பிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

ஐயா சிரிக்கவில்லை. நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார்.

“எல்லாரும் அந்தத் தாளையெல்லாம் எங்கிட்ட குடுங்க. யாருக்கும் அனுப்ப வாணாம். பத்து பேருக்கா சேக்கணும்? எனக்கே பத்து தடவ சேத்துட்டதா வெச்சிக்கோங்க. நான் ஒருத்தருக்கும் குடுக்கப் போறதில்ல. இன்னா ஆவுதோ எனக்கு ஆவட்டும். நாலு நாளுதானே?”

“ஐயா, கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கீறீங்க...” என்று ஏழுமலை இழுத்தார்.

“கண்ணுக்கு டாக்டர் மருந்து குடுத்துக்கீறாரு. நீ தாளக் குடு.”

ஒவ்வொருவராக வந்து அவர் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். போட்டுவிட்டுக் கும்பிடவும் செய்தார்கள். நல்ல வேளை, அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: “கோமளா, நான் ஏழு பேருக்குக் குடுத்துட்டேன். மிச்சம் மூணு, என்ன பண்றதும்மா?”

திங்கட்கிழமை விடிந்ததும் வசந்தியோடு ஐயா வீட்டு வாசலில் போய் நின்றேன். கேட்பதற்கு வாய் வரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். அவரே கூப்பிட்டார்.

“பேனா எடு. சான்றிதழ எழுத வேற யாரு கீறாங்க? உன் குண்டு எழுத்துதான்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘இவரைச் சிறு வயது முதல் எனக்குத் தெரியும். உண்மை பேசும் வீட்டில் வளர்ந்தவர்.’ அந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

“இன்னா நிறுத்திட்ட?”

“முந்தாநேத்து மீனு சொன்னேனேய்யா...”

“நேத்து ஊரு முன்னாடி சொன்னியா இல்லியா? லேட்டா சொன்னாலும் சொன்னதுதான். எழுதும்மா, புள்ளைக்கு நேரமாவுது.”

தடவிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். பாதி தாளிலும் பாதி மேசையிலும் விழுந்தது. அந்தப் பாதிக் கையெழுத்தோடுதான் என் மகள் நர்ஸ் ஆனாள்.

ஆனால் அந்த நாலு நாளும் நான் பட்ட பாடு! சோறு இறங்கவில்லை. தினமும் கபாலி கோயிலுக்குப் போய், சாமியே இல்லை என்கிற மனுஷருக்காகச் சாமியிடம் மன்றாடினேன். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். ஐயா நேராகப் படிப்பகத்துக்கு வந்தார். என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீ இவ்ளோ ஒல்லியாவா இருக்க?” என்றார். அப்போதும் அழுதேன், ஆனால் இந்தத் தடவை முந்தானை சுத்தமாக இருந்தது.

வேலையை விட்டு எடுக்கவில்லை. இன்டர்நெட் பத்தியை வாரா வாரம் நீயே எழுது என்று கொடுத்துவிட்டார். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புக்காரி. அந்த மீனையும் பார்த்துவிட்டேன், சாதாரண மீன்தான்.

இப்போது ஐயா இல்லை. எங்கள் வீட்டில் எல்லோர் கையிலும் போன். ‘இதைப் பதினைந்து பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால்...’ என்று தினம் ஒன்று வருகிறது. வந்ததும் அழிப்பார்கள். அழிப்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது: “ஐயா கிட்ட குடுத்துடு.” வசந்தி ஆஸ்பத்திரியில்கூட அப்படித்தான் சொல்கிறாளாம். அவள் பிள்ளைகள் ஐயாவைப் பார்த்ததே இல்லை. அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஸ்டெல்லா, இதை அச்சில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை சரி பார்த்துவிடு. ஆபரேஷன் ஆனது வலது கண்ணா, இடது கண்ணா? எனக்கு மறந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்தது பதினோரு தாளா, பன்னிரண்டா, அதையும் கேட்டு எழுது. கறிக்கடை பாய் பொட்டலத்தில் வைத்தாரா, இல்லை அது யாரோ கட்டிவிட்ட கதையா, அதுவும் தெரியவில்லை. எல்லாத் தாளையும் அவர் தன் மடியில் வாங்கிக்கொண்டாரே, அந்த இடத்தை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.