பதின்மூணு, பதின்மூணு, பதினாலு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
12-9-2008

அன்புத் தம்பி தொமினிக்குக்கு அண்ணன் மிக்காயேல் எழுதும் கடிதம். மாதா புண்ணியத்தில் இங்கு அனைவரும் சுகம். அங்கு நீயும் அலெக்சாந்த்ராவும் குளிருக்கு முன் கம்பளியெல்லாம் எடுத்துவைத்துச் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

நிற்க. அங்கு துலூஸ் நகரில் வேலைக்குச் சேர நேற்று விமானம் ஏறவேண்டிய என் மகள் ஃபானி, பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டாள். காரணம், பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு சிப். ஞாயிற்றுக்கிழமை நீ போன் போட்டு அவளை நன்றாகத் திட்டவேண்டும்.

நம் மாடியில் குடியிருக்கும் கமலாவை உனக்குத் தெரியாது. பெரிய மார்க்கெட் பக்கம் நாராயணசாமி கடையில கம்ப்யூட்டர்ல மனு அடிக்கிற பொண்ணு. ஸ்கூட்டர்லேந்து விழுந்து இடது கையில மூணு விரல் மடங்காமப் போச்சு. ஃபானி அவளுக்குக் கால்ல அழுத்துற மிதி ஒண்ணு செஞ்சு குடுத்தா. மிதிச்சா ஷிப்ட், எண்டர் எல்லாம் விழும். ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. போன வாரம் ஸ்க்ரூ இறுக்க வீட்டுக்கு வந்த மிதி அழுக்கா இருக்கேன்னு நான்தான் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். சிப்பு செத்துப்போச்சு. நாராயணசாமி, "வியாழக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற ஆள் பாத்துக்குறேம்மா"ன்னுட்டார். கமலா அழல. அழுதிருந்தாக்கூட எனக்குத் தேவலாம்.

சென்னையில பழைய சிப்பு கிடைக்கல, புதுசு குடுத்தாங்க, பழசைவிட வேகம். எனக்கு ஒரே சந்தோஷம். சொருகினா, இது என்ன சாமான்னே தெரியலங்குது கம்ப்யூட்டர்.

"வேகம்னா நல்லதுதானேம்மா?"ன்னு ஃபானியக் கேட்டேன்.

"அதான் பப்பா வம்பே. இந்தச் சிப்புல யு.எஸ்.பி. தனியாக் கிடையாது, ப்ரோகிராமே தாளம் தப்பாம சிக்னல் அனுப்பணும். பழசுல ஒரு பிட்டுக்கு எட்டுத் துடிப்பு. இதுல பதின்மூணே மூணுல ஒண்ணு."

"மூணுல ஒரு துடிப்பை எப்படி அனுப்புவ?"

"முடியாது. அதான் முழிக்கிறேன்."

ரெண்டு நாள் சோத்துத் தட்டு முன்னாலயும் எண்ணிக்கிட்டே இருந்தா. எங்க இவோன், மக ஜெபமாலை சொல்றதா நெனச்சு "ஆமென்" போட்டா, பெத்தவளாச்சே. புதன்கிழமை மத்தியானம் மேசையத் தட்டி, "பதின்மூணு, பதின்மூணு, பதினாலு! மூணு பிட்டுக்கு நாப்பது! சரியாப் போச்சு பப்பா!"ன்னு கத்துனா. ஒண்ணும் புரியாமலே கை தட்டினேன். கம்ப்யூட்டர் டிங்குன்னு ஒத்துக்கிச்சு. ஆசையா நான் ஒரு மிதி மிதிச்சேன், எண்டர் நிக்கவே இல்ல, திரையில இருந்த என் பென்ஷன் மனு நூத்திப் பதினாலு பக்கமாயிடுச்சு. காலை எடுத்த சேதியை அனுப்ப மறந்துட்டாளாம்; சாயங்காலத்துக்குள்ள அதையும் சரிபண்ணிட்டா.

நேத்து கடைக்குப் போனோம். நாராயணசாமி கையக் கட்டிக்கிட்டு நின்னார். கமலா செருப்பக் கழட்டிட்டு, பிறப்புச் சான்றிதழ் மனு ஒண்ணை இங்கிலீஷ்ல முழுசா அடிச்சா. ஒரு பெரிய எழுத்துகூடத் தப்பல. அவர் ரெண்டு தரம் படிச்சுட்டு, "நாளைக்கு ஒம்போது மணிக்கு வந்துடும்மா"ன்னார். கமலா ஃபானி கழுத்தைக் கட்டிக்கிட்டு அப்பத்தான் அழுதா, மீன் வாங்க வந்தவங்கல்லாம் நின்னு பாத்தாங்க, எனக்குக் கண்ணுல தூசி. அந்நேரம் அந்த விமானம் எந்தக் கடலுக்கு மேல போச்சோ.

ஆகவே, தயங்காமல் திட்டவும். உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசீர். இவோன் முத்தங்களை அனுப்புகிறாள்.

உன் அண்ணன்,
மிக்காயேல்

பி.கு.: திட்டாதே. டிக்கெட்டை மாத்தச் சொன்னதே நான்தான். இன்னிக்குக் காலையில பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல, இன்னும் மூணு பேருக்கு மிதி செஞ்சு தர்றதா வாக்கு குடுத்துட்டேன், ஃபானிக்கு இன்னும் தெரியாது. துலூஸ்காரங்ககிட்ட நீயே பேசி ஒரு பத்து நாள் கேட்டு வை.