பாட்டு வராத ஒலிபரப்பு

தனியாக இருக்கும் மனிதன் தன்னோடு பேசுவான். இது உலக வழக்கம், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பேசியதைப் பதிவு செய்தும் வைத்தேன் என்பதுதான் பிழை. (பதிந்ததைத் திகதி வாரியாக அடுக்கியும் வைத்தேன். அது என் சுபாவம். பல் பிடுங்கிய நாளைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன், எந்தப் பல் என்பது உட்பட.)

முதலில் பாட்டுகளைச் சொல்ல வேண்டும். ஒலிநாடாக்களில் இருந்தவை, இறுவட்டுகளில் வாங்கியவை, நண்பர்களிடம் கெஞ்சிப் பெற்றவை எல்லாவற்றையும் ஓய்வு பெற்ற பிறகு கொம்பியூட்டரில் ஏற்றினேன். வெறுமனே ஏற்றவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் என் குரலில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தேன். இளவயதில் வானொலி அறிவிப்பாளராக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. குரல் தேர்வுக்கும் போனேன். கேட்ட அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, என் விண்ணப்பத்தில் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது என்றார். நான் எழுதுவினைஞர் ஆனேன்.

ஆரம்பத்தில் அறிவிப்புகள் ஒழுங்காகத்தான் இருந்தன. 'இந்தப் பாடலை நான் முதன்முதலில் கேட்டது புளியந்தீவில் ஒரு தேநீர்க்கடையில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது' என்கிற மாதிரி. ஆண்டு, மாதம், கிழமை, முடிந்தால் மழையின் அளவு. அவ்வளவுதான்.

பிறகு மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பவளம் மெல்பேர்ண் போனாள். பிள்ளை பிறந்ததும் வருவதாகச் சொன்னாள். பிள்ளை பிறந்தது. பிறகு குளிர்காலம் வந்தது. பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள். பிறகு இரண்டாவது பிள்ளை உண்டானது. எனக்குக் குளிர் ஒத்துவராது என்று நானே சொல்லியிருந்தேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கல்லடியில் நின்றுவிட்டேன். வீடு எங்கும் போகவில்லை.

அந்த நாட்களில்தான் அறிவிப்புகள் நீண்டன. பாட்டு சிறிதாகவும் முன்னுரை பெரிதாகவும் ஆனது. அரசர்களின் வரலாறுகளை நிறைய வாசித்திருக்கிறேன். வெற்றிகளைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், தானங்களை வெட்டியிருக்கிறார்கள். 'இன்று கூரை ஒழுகவில்லை' என்று ஓர் அரசனும் வெட்டவில்லை. அதைச் சொல்ல அவனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்திருக்கும். எனக்கு ஒலிவாங்கிதான் இருந்தது. சொன்னேன். சொன்னதைத் திரும்பக் கேட்டதே இல்லை. நேரே பாட்டுக்குத் தாவிவிடுவேன்.

பழைய கொம்பியூட்டர் மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி இரையத் தொடங்கியபோது, பாலம் தாண்டிப் பட்டணத்துக்குப் போய் ஒரு லப்டொப் வாங்கினேன். கூடவே வயர் இல்லாத ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி.

"இதான் ஐயா இப்ப எல்லாரும் கொண்டுபோறாங்க" என்றார் கடைக்காரர். "உங்கட பக்கத்து வீட்டு அக்காட மகனும் இந்தச் சாமான்தான் கொண்டுபோனவர். அவர்ர பெரிசு. உங்கட சின்னன். ஆனா கொம்பியூட்டர்ல ரெண்டும் ஒரே பேரிலதான் காட்டும்."

அவர் சொன்னதில் நான் 'பெரிசு' என்பதை மட்டும் கவனித்து, கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா என்பது தவமணி அக்கா. அவருடைய மகன் அதே வளவில் மேல்மாடி வைத்துப் புது வீடு கட்டியிருந்தான். குடிபூரலுக்கு அழைக்க அக்காவே வந்தார்.

"தம்பி, கட்டாயம் வரோணும். பவளமும் இல்ல. அண்டைக்குச் சமைக்காம வாங்க."

"அண்டைக்கு எனக்குத் தேத்தாத்தீவில ஒரு அலுவல் அக்கா."

"என்ன அலுவல்?"

"காணி அலுவல்."

"தேத்தாத்தீவில உங்களுக்கு என்ன காணி?"

"சொந்தக்காரர்ர காணி."

"ஆர் அது, எனக்குத் தெரியாத சொந்தக்காரர்?"

நான் இருமினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, போயிற்று வாங்க" என்று எழுந்தார்.

போகாததற்குக் காரணம் உண்டு. எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் சோற்றில் கை வைக்கும் முன்பே கேட்பார்கள்: "பவளம் எப்ப வாறா?" கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் கேள்வி ஒன்றுதான். நானும் ஒரே பதிலைச் சொல்வேன்: "கெதியில வருவா. எனக்கென்ன, நிம்மதியா இரிக்கன்." சொல்லிச் சொல்லி அந்தப் பதில் தேய்ந்துபோயிருந்தது.

குடிபூரல் அன்று காலையில் கேற்றுக் கம்பிகளுக்கிடையே கையை விட்டு, வெளிப்பக்கமாகப் பூட்டுப் போட்டேன். சைக்கிளைக் குசினிக்குள் தள்ளினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். வேர்த்துக் கொட்டியதால் காற்றாடியை முழு வேகத்தில் வைத்தேன். சொந்த வீட்டில் திருடனைப்போல் உட்கார்ந்து, பாட்டுகளைப் பழைய கொம்பியூட்டரிலிருந்து புதியதுக்கு மாற்றத் தொடங்கினேன்.

மாற்றம் ஒழுங்காக முடிந்தது. முடிந்ததும் பழைய கொம்பியூட்டர் ஒருமுறை விக்கிவிட்டு, திரை கறுத்து, நின்றது. பிறகு என்ன செய்தும் எழும்பவில்லை. பரவாயில்லை, தன் கடமையை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது என்று நினைத்தேன். (ஓர் இரங்கல் அறிவிப்புக்கூட மனதில் ஓடியது.)

லப்டொப்பில் ஸ்பீக்கரைத் தேடினேன். என் பெட்டியின் அடியில் அச்சடித்திருந்த பெயரே திரையில் வந்தது. அழுத்தினேன். 'இணைந்தது' என்றது. பெட்டியில் விளக்கு எதுவும் எரியவில்லைதான். புதுச் சாமான்கள் ஆரவாரம் இல்லாமல் வேலை செய்யும் போலும் என்று எண்ணிக்கொண்டேன். அதற்கென்று ஒரு பொத்தான் இருந்ததையும், அதை நான் அழுத்தவே இல்லை என்பதையும் அன்று மாலையில்தான் கண்டுபிடித்தேன்.

பழைய கொம்பியூட்டரில் பழைய பாட்டு மேலே இருக்கும். புதியது ஒழுங்கைத் தலைகீழாக்கி, கடைசியாகப் பதிந்தவற்றை மேலே வைத்திருந்தது. முதல் பாட்டைத் திறந்தேன். சத்தமில்லை. ஒலியைக் கூட்டினேன். சத்தமில்லை. அடுத்ததைத் திறந்தேன். அதற்கும் சத்தமில்லை. ஒலியைக் கடைசிவரை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து, ஆரம்பத்தை மட்டும் ஓடவிட்டு, மூடினேன். எல்லாம் ஊமை.

அப்போதுதான் பயம் பிடித்தது. பெயர்கள் மட்டும் வந்து, உள்ளே ஒன்றும் வரவில்லை என்று முடிவுகட்டினேன். பழையது செத்துவிட்டது, திரும்ப எடுக்க இடமில்லை. அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு குரல் என்றால் அந்தப் பாட்டுகள்தான். அவையும் போனால் மிச்சம் காற்றாடி.

இதற்கிடையில் பக்கத்து வீட்டில் யாரோ ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். நல்ல பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், இடையில் யாரோ பிரமுகரைப் பேசப் பிடித்துவிட்டார்கள் போல. சாத்திய ஜன்னலுக்கும் காற்றாடிக்கும் மேலாகச் சொற்கள் பிடிபடவில்லை. மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுவது மட்டும் கேட்டது. ஒன்றைத் தொடங்குகிறார், முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவுகிறார். பாவம் விருந்தாளிகள் என்று இரங்கினேன். மனிதன் துக்கத்தில் இருக்கும்போது என்ன தொல்லை என்று எழுந்து போய், குளியலறை ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தேன்.

கடைசி நம்பிக்கையாக, முதல் நாள் மாலை பதிந்தது ஒன்று, பாட்டோடு சேர்க்காமல் தனியாகக் கிடந்தது. அதைத் திறந்தேன். அது மட்டும் பிழைத்திருக்கலாம் என்று லப்டொப்பில் காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் பெரிய சிரிப்பு ஒன்று எழுந்து, பிறகு திடீரென்று அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் பின்கதவில் இடி விழுந்தது. திறந்தேன். வேலியில் ஓலை விலகியிருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து வந்திருந்த தவமணி அக்கா, பட்டுச் சேலையில் ஓலைத் தும்பு ஒட்ட, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"தேத்தாத்தீவால எப்ப வந்த தம்பி?"

"இப்பதான் அக்கா. அலுவல் கெதியா முடிஞ்சிற்று."

"தேத்தாத்தீவில உங்களுக்கு ஒரு அலுவலும் இல்லையாமே."

"ஆர் சொன்ன?"

"நீங்கதான் சொன்ன. இப்ப, எங்கட ஸ்பீக்கர்ல. ஊர் முழுக்கக் கேட்டிச்சி."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். அக்காவின் மகன் ஐஸ்கட்டி வாங்க மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறான். பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த போன் அவன் சட்டைப் பையில். அவன் தெருமுனை திரும்பியதும் பாட்டு நின்றது. பந்தி நடுவில் அமைதி. அந்த அமைதியில், ஒரே பெயரில் காட்டிய அவர்களுடைய பெட்டியிலிருந்து என் குரல் எழுந்திருக்கிறது:

'வணக்கம் நேயர்களே. மார்கழி மாதம், திங்கட்கிழமை. நேற்றிலிருந்து விடாத மழை. கூரை ஒழுகவில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால் இங்கே பதிகிறேன்.'

பாட்டு வருமுன் நான் அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

'வணக்கம் நேயர்களே. இன்று காலை தவமணி அக்கா இடியப்பம் கொடுத்தனுப்பினார். கல். சொதியில் ஊறவைத்தும் அசையவில்லை. மிக நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பினேன்.'

"நிப்பாட்டப் போனாங்க" என்றார் அக்கா. "நான்தான் விடல்ல. என்ட இடியப்பத்த சபையில வெச்சுச் சொல்லிப்போட்டு, மிச்சத்தச் சொல்லாம விடுறதா? சொல்லட்டும், கேப்பம் எண்டன். சோறு போட்ட பொடியனெல்லாம் வாளியோட நிக்கிறானுகள். எங்கட பெரியப்பா வேற, காது சரியாக் கேக்காத மனிசன், 'அறிவிப்பெல்லாம் சரிதான், பாட்டு எப்ப வரும்? எப்ப வரும்?' எண்டு கேட்டுக்கொண்டே இரிக்கார்."

"வேற என்னக்கா கேட்டிச்சி?"

அக்கா சேலையில் ஒட்டியிருந்த தும்பைத் தட்டினார். குரல் இறங்கியது.

"பவளத்தோட கதைச்சது."

அது எது என்று எனக்குத் தெரியும். 'இன்று பவளம் அழைத்தாள். நான் மிக நன்றாக இருக்கிறேன் என்றேன். நம்பிவிட்டாள். அவள் நம்பியிருக்க வேண்டியதில்லை.'

"அது வந்த நேரம் ஒருத்தரும் சாப்பிடல்ல தம்பி" என்றார் அக்கா. "பிறகு நீங்க தேத்தாத்தீவுக் கதையச் சொன்ன. எல்லாரும் சிரிச்ச. கடைசியில, 'அவள் எப்போது வருகிறாள் என்று கேட்பார்கள், எனக்கும் அது தெரியாது' எண்டு சொன்னீங்களே, அதோட சிரிப்பு நிண்டுபோச்சு. சட்டையப் போட்டுக்கொண்டு வாங்க. சோறு ஆறுது."

கேற்றுப் பூட்டின் திறப்பைப் பதற்றத்தில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஆகவே நானும் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்துதான் போனேன். பந்தலில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பின. யாரோ எழுந்து இடம் விட்டார்கள். யாரோ என் இலையில் தேவைக்கு அதிகமாகக் கறி வைத்தார்கள். பவளம் எப்ப வாறா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இத்தனை காலம் எந்தக் கேள்விக்குப் பயந்து ஒளிந்தேனோ, அதை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது. பெரியப்பா மட்டும் என் பக்கம் சரிந்து, "தம்பி, பாட்டு?" என்றார்.

நான் கை கழுவும் முன்பே யாரோ போனில் பிடித்த என் ஒலிபரப்பு மெல்பேர்ண் போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து போனை எடுத்தபோது பவளம் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"தேத்தாத்தீவு அலுவல் முடிஞ்சிதா?"

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"இஞ்ச பாருங்க. நீங்க நல்லா இரிக்கன் எண்டு சொல்றத்த நான் ஒருநாளும் நம்பல்ல. இவ்வளவு தூரத்தில இருந்துகொண்டு, நம்பல்ல எண்டு சொல்லி என்ன செய்யிற? அதான் நம்பின மாதிரி இருந்த."

பின்னால் பேரன் எதற்கோ அழுதான். அவள் வைத்துவிட்டாள்.

தவமணி அக்கா இப்போதும் இடியப்பம் தருகிறார். தட்டை நீட்டி, "இந்தாங்க, கல்லு" என்பார். இடியப்பம் கொஞ்சமும் மாறவில்லை. நான் உண்மையைச் சொல்லியே தட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் போனால் சின்னப் பிள்ளைகள்கூட "பாட்டு எப்ப வரும்?" என்று கத்துகின்றன. இந்தக் கட்டுரையில் நான் திகதி எதையும் குறிப்பிடாததைக் கவனித்திருப்பீர்கள். குறிப்பிட்டால் தெருவில் யாராவது வந்து திருத்துவார்கள்.

மெல்பேர்ணில் விஷயம் இன்னும் மோசம். பேரனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் போனில் என் முகத்தைக் கண்டதும் மூக்கால் இழுத்து, "வணக்கம் நேயர்களே, கூரை ஒழுகவில்லை" என்பான். மகளும் மருமகனும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சொல்ல ஒன்றும் இல்லாமல் அழைக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் அதுதான் பேச்சு. பவளம் இன்னும் வரவில்லை.

போன கிழமை முழுக்க இங்கே பெரிய மழை. வாவித் தண்ணீர் ஒழுங்கைவரை வந்துவிட்டது. பவளம் அழைத்தாள். வழக்கம்போல் பேச ஒன்றுமில்லை.

"கூரை ஒழுகல்லதானே?" என்றாள், சிரித்துக்கொண்டு.

"ஒழுகுது பவளம்" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"எந்தப் பக்கம்?"

"உன்ட அலுமாரிப் பக்கம்."



"வாளிய வைங்க" என்றாள். "வெச்சிற்று வந்து கதைங்க. நான் போனை வெக்கல்ல."