பொம்மை குடித்த குடி

“யோவ், குடிகாரன் வார்த்தைக்கு வார்த்தை விக்குவானா? நீ எங்கயாவது பார்த்திருக்கியா?” என்று தங்கதுரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கள்ளக்குறிச்சியில் கல்யாண வீடியோ எடுப்பவர் தங்கதுரை. சாலைப் பாதுகாப்பு வாரத்தில் காட்டுவதற்கு ஒரு பொம்மைப் படம் செய்து தரும் வேலை அவருக்கு வந்திருந்தது. துணியும் கம்பியும் வைத்து ஒரு டிரைவர் பொம்மை, அட்டையில் ஒரு ஜீப், சாக்குத் துணியில் கல்வராயன் மலை. பொம்மையின் கையை நெல்லளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் நெல்லளவு நகர்த்தி இன்னொரு போட்டோ என்று, வந்த முகூர்த்தங்களையெல்லாம் விட்டுவிட்டு எடுத்து முடித்தார். பொம்மை குடித்துவிட்டு மலை ரோட்டில் ஓட்டும். கொண்டை ஊசி வளைவில் உருண்டு செத்துப்போகும். எல்லாம் கச்சிதமாக வந்திருந்தது. குரல்தான் அமையவில்லை. மிமிக்ரிக்கு வந்த ஆள் விக்கியே கழுத்தறுத்தான்.

அந்த அட்டை ஜீப்புக்கு மாதிரி இருசப்பனின் பச்சை ஜீப். வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். தன் ஜீப் பொம்மையான அழகைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவன், பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“குடிச்சவன் விக்க மாட்டாங்க. ரொம்ப நிதானமா பேசுவான். தான் குடிக்கலன்னு காட்டத்தான் படாத பாடு படுவான்.”

“எங்க, பேசிக் காட்டு?”

இருசப்பன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் சந்தை நாளில் பின் சீட்டில் ஏறுகிறவர்களின் பேச்சை வருஷக்கணக்காகக் கேட்டவன். மைக்கை வாங்கினான்.

“சத்தியமா நான் குடிக்கலைங்க. நான் நிதானமாத்தான் இருக்கேன். ரோடுதான் ஆடிக்கினு இருக்குது” என்றான், ஒவ்வொரு சொல்லையும் தலைச்சுமையை இறக்குவது போலப் பார்த்துப் பார்த்து இறக்கி.

தங்கதுரை ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினார்கள். பொம்மை பேசப் பேசச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜீப் உருண்டபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் யாரோ கத்தினார்கள்.

“டேய், இது நம்ம இருசப்பன் குரலுடா!”

ஊரே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற முனியன் அவன் முதுகில் தட்டினான்.

“இத்தினி நாளா கூடவே சுத்திக்கினு இருக்கேன், எனக்கே தெரியாம வச்சிருந்தியேப்பா! பெரிய ஆளுய்யா நீ!”

குடியைத்தான் சொல்லிக் கிண்டல் செய்கிறான் என்று இருசப்பனுக்குச் சுருக்கென்றது. பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தான்.

“சத்தியமா நான் குடிக்கலைங்க! நான் நிதானமாத்தான்...”

அதற்கு மேல் பேச முடியவில்லை. பொம்மைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் ஜீப்பில் பாதி சீட் காலி. வழக்கமாக நிற்க இடமில்லாமல் பின்னால் தொற்றிக்கொண்டு வருவார்கள். இருசப்பன் காலி சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஓட்டிப் போய்விட்டு, வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தான்.

அவன் மனைவி ஆயம்மாள் பக்கத்தில் வந்து முகத்தை நீட்டினாள்.

“ஊது.”

“நீயுமாடி?”

“ஊதுன்னா ஊது.”

ஊதினான்.

“எனக்குத் தெரியும், நீ தொட மாட்ட. ஊருக்கு இல்ல தெரியணும்? மாரியாத்தா கோயில்ல போயி சத்தியம் பண்ணு. அப்புறம் எவன் பேசுறான்னு பார்க்கறேன்.”

கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். அவருக்குத் தெரிந்த குடிச் சத்தியம் ஒன்றே ஒன்றுதான்.

“இனிமே தொட மாட்டேன்னு சொல்லு.”

“இனிமேன்னா இன்னாங்க? நான் எப்பவுமே தொட்டதில்லீங்க.”

“எல்லாரும் இப்படித்தான்பா ஆரம்பிப்பாங்க. சொல்லு, ஆத்தா கேட்டுக்கினு இருக்கா.”

சாமியைக் காக்க வைக்க மனசு வரவில்லை. சொல்லிவிட்டான். சொன்ன கையோடு பூசாரி அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். குடியை விடுகிறவர்களுக்குக் கட்டும் கயிறு. மலையில் அதை அறியாதவர் கிடையாது.

அடுத்த நாள் ஏறி உட்கார்ந்த நாலைந்து பெண்களும் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையைப் பார்த்தார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள்.

“நல்ல காரியம் பண்ணியிருக்க, அண்ணா. உடம்ப பார்த்துக்க” என்று ஒருத்தி பரிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இருசப்பன் காலி ஜீப்போடு நேராகத் தங்கதுரையிடம் போனான்.

“உங்க பொம்மையால என் பொழப்பு போச்சுங்க.”

தங்கதுரைக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷர். உடனே ஒரு யோசனை சொன்னார்.

“அவனைச் சாகடிச்சதுதான் தப்பு. திருந்த வச்சிடுவோம். பாட்டிலை உடைச்சிட்டு நல்ல புத்தி சொல்றான். உன் பேரும் சரியாயிடும்.”

“அதுக்கும் நானா பேசணும்?”

“குரல் மாறினா அசிங்கமா இருக்கும்பா.”

பேசினான். பேசும்போது, காலி ஜீப் கண் முன்னால் வந்து நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. “நிறுத்திட்டேங்க, அடியோட நிறுத்திட்டேன். என்னை நம்புங்க” என்று பொம்மை விசும்பியபோது வெள்ளிமலைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதை எல்லோரும் செல்போனில் ஏற்றிக்கொண்டு வீட்டிலும் போட்டுப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் ஜீப்பில் ஒரு கோழிகூட ஏறவில்லை.

வீட்டில் சாமைக் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டு வந்தது. ஜீப்பை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் குடகுக்கு மிளகு பறிக்கப் போகலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேச ஆரம்பித்தார்கள். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாமல் வாழ்ந்தவனுக்கு இப்படி ஒரு கதி வந்திருக்க வேண்டாம்.

சந்தை நாளன்று எஸ்.ஐ. ஒருவர் ஊதிப் பார்க்கும் மெஷினோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். மற்ற டிரைவர்கள் டீக்கடைக்குப் பின்னால் மறைந்தார்கள். இருசப்பன் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றான்.

“ஐயா, என்னை ஊத வைங்க. எல்லாரும் பார்க்கணும்.”

“இன்னாய்யா, எல்லாரும் ஓடுறான், நீ வலிய வர்ற?”

கன்னம் உப்ப, கண் பிதுங்க, அடிவயிற்றிலிருந்து ஊதினான். எஸ்.ஐ. மெஷினைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். மறுபடி ஊதச் சொன்னார். பிறகு அதைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

“சுத்தம்! ஒரு சொட்டு இல்ல! டிரைவர்னா இவர மாதிரி இருக்கணும்!”

கூட்டம் கை தட்டியது. விசில் பறந்தது. முனியன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். இருசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஓட்டமாக ஓடி ஜீப்பின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, “கள்ளக்குறிச்சி! கள்ளக்குறிச்சி!” என்று தொண்டை கிழியக் கூவினான்.

கை தட்டிய கூட்டம் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடந்து போய், எதிரே நின்ற பஸ்ஸில் அடைந்தது. படியில் தொங்கியபடி முனியன் டாட்டா காட்டினான். பஸ் போய்விட்டது.

அதில் இடம் கிடைக்காமல் காசியம்மாள் மட்டும் தன் புளி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். ஜீப் வாங்கிய நாளிலிருந்து முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவள்.

“அக்கா, நீயாவது வா. போலாம்.”

“வேணாம்பா. அடுத்த பஸ் வரட்டும்.”

“மெஷினே சொல்லிடுச்சு. இப்பகூட நான் குடிக்கலன்னு நம்ப மாட்டியாக்கா?”

“நம்பாம இன்னா? நீ மைக்ல சொன்ன அன்னிக்கே ஊரு மொத்தமும் நம்பிடுச்சு.”

“அப்புறம் ஏங்க்கா யாரும் ஏற மாட்டேங்கறீங்க?”

காசியம்மாள் அவன் கையைப் பிடித்து, விரல்களைத் தடவிக் கொடுத்தாள்.

“இத்தினி வருசமா குடிச்சிகினு ஓட்டி ஒரு கல்லுல கூட முட்டாத கைப்பா இது, திடீர்னு நிறுத்திட்டா வளைவுல நடுங்காதா? ரெண்டு மாசம் போவட்டும், குடிக்காம ஓட்டிப் பழகிக்க, மொத ஆளா நான் ஏறுறேன்.”