பெண் பார்க்கும் நாளில் களத்தை விட்டு ஓடியவள்

நான் சண்டைக்களத்தை விட்டு ஓடியவள். இதை நானாகச் சொல்லவில்லை. கைத்தொலைபேசித் திரையில் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூன்று தரம் ஓடியிருக்கிறேனாம். மூன்றாவது தரம் ஓடியது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. (பெண் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கூத்தைத்தான் சொல்லப் போகிறேன்.)

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. இலுப்பைக்கடவைக்கு உள்ளே, வயல் பக்கமாக இருக்கிற எங்கள் ஊருக்கு, சண்டையில் இடம்பெயர்ந்த நாங்கள் திரும்பி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வீட்டுத்திட்ட வீட்டுக்குச் சுவர் வந்துவிட்டது, பூச்சு வரவில்லை. மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் அதற்குப் பிடித்த நேரம் மட்டும்தான் நிற்கும். நான் ஊர் முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா வயல் செய்தார்.

மன்னார் நகரத்தில் இருக்கிற சித்திதான் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தா. மாப்பிள்ளை நிரூபன், சுவிஸில். பிறந்தது பக்கத்து ஊரில்தான்; கடைசிச் சண்டைக்காலத்தில், பதினாறு வயதில், எப்படியோ வெளிக்கிட்டு அக்காவிடம் போய்ச் சேர்ந்தவர். அக்கா சின்ன வயதிலேயே சுவிஸுக்குப் போய்விட்டா. சாதகம் பொருந்தியது. இனி இரண்டு பேரும் கதைத்துப் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

கதைப்பதுதான் வில்லங்கம். "சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்பார். "ஓம். நீங்கள்?" என்பேன். "ஓம்" என்பார். அதோடு சரக்கு முடிந்துவிடும். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தத்தை மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் அவர் அந்தரப்பட்டு, "நீங்கள் கேம் விளையாடுவீங்களோ?" என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் "ஓம், நல்லா விளையாடுவன்" என்றேன். எனக்குத் தெரிந்தது இனிப்பு உடைக்கிற விளையாட்டு ஒன்று மட்டும்தான்.

இது வேறு விளையாட்டு. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். காடு, கோட்டை, வாள், குண்டு. ஒருவர் இடையில் இணைப்பு அறுந்து போய்விட்டால், மற்ற நாலு பேரும் ஆள் குறைவாக நின்று அடிவாங்கித் தோற்க வேண்டியதுதான். அதனால் போனவருக்குத் தண்டனை உண்டு. முதல் தரம் ஐந்து நிமிடம் வெளியில் நிற்க வேண்டும், அடுத்த தரம் அரை மணித்தியாலம், அதற்கும் அடுத்தது மூன்று நாள். போதாததற்குப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளமும் விழும்.

எனக்கு முதல் தண்டனை மழையால் வந்தது. கைத்தொலைபேசிக் கோபுரம் செத்து சிக்னல் போய்விட்டது. இரண்டாவது அம்மாவால் வந்தது. வயலில் இருந்து அழைத்து "ஆட்டை அவிட்டுக் கட்டினியோ?" என்று கேட்டா. அந்த நாட்களில் எங்கள் பக்கம் அழைப்பு வந்தால் இணையம் அறுந்துவிடும். ஆட்டுக்காக அரை மணித்தியாலம் தள்ளி வைக்கப்பட்டேன்.

"இது அநியாயம் எல்லோ? சிக்னல் போறதுக்கு நான் என்ன செய்யிறது?" என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"அநியாயம் இல்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லுவினம். போனால் போனதுதான். மிச்ச நாலு பேரும் என்ன பாவம் செய்தவை?"

"காரணம் கேக்காமல் தண்டிக்கிறதை நாங்கள் இஞ்ச கண்ணால கண்டிட்டம்."

"ஐயோ, இது கேம்தானே."

"அப்ப நீங்கள் ஏன் கோவிக்கிறீங்கள்?"

நியாயம் அவர் பக்கமும் இருந்தது. போனவளை நினைத்தால் நான் சரி. விடப்பட்ட நாலு பேரை நினைத்தால் அவர் சரி. அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் ஒன்று, சாப்பிட்டதைப் பற்றிக் கதைப்பதைவிட இப்படிச் சண்டை பிடிப்பது எவ்வளவோ நன்றாக இருந்தது. எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போனது.

பிறகுதான் அவர் சொன்னார்: "இஞ்ச லீவு நாள் ஒண்டு வருது. அக்காவும் என்ர ரெண்டு கூட்டாளிமாரும் எங்களோட விளையாடுவினம். அக்காவுக்கு உங்களைப் பாக்க வேணுமாம்."

அம்மா இதைக் கேட்டதும் அலுமாரியைத் திறந்தா. "பொம்பிளை பாக்க வருகினம் எண்டால் சீலை உடு."

"அம்மா, அதில முகமே தெரியாது!"

"அவைக்குத் தெரியாட்டில் என்ன? உனக்குத் தெரியும்தானே. உடு."

பச்சைச் சீலை உடுத்து, பூவும் வைத்து, குளக்கட்டு மருதமரத்தடிக்குப் போனேன். ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். கட்டுக்குக் கீழே வயலில் அப்பா நின்றார். (காவலுக்காம். இணையத்தில் வருகிற மாப்பிள்ளைக்கு என்ன காவலோ.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று காலை மிதிவெடி எடுக்கிற ஆட்கள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள்: கண்டெடுத்த குண்டுகளைப் பின்னேரம் வெடிக்க வைக்கப்போகிறோம், ஒருவரும் பயப்பட வேண்டாம். முன்பள்ளிப் பிள்ளைகளை வட்டமாக இருத்தி நானே சொல்லிக்கொடுத்தேன். "சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேணும். என்ன செய்ய வேணும்?" "சிரிக்க வேணும் ரீச்சர்!" என்று கத்தினார்கள்.

விளையாட்டு தொடங்கியது. விளையாட்டுக்குள்ளேயே ஐந்து பேரும் கதைக்கலாம்; அக்காவின் குரல் கறாராக இருந்தது. நான் அன்றைக்கென்று நன்றாக விளையாடினேன். "கெட்டிக்காரி" என்று அக்கா ஒருதரம் சொன்னா. எனக்கு உச்சி குளிர்ந்தது. எதிரியின் கோட்டைக்கு முன்னால் ஐந்து பேரும் கூடி நின்ற நேரம் வெடித்தது.

திரையில் இல்லை. குளத்துக்கு அந்தப் பக்கம்.

அதன் பிறகு நான் யோசித்து எதுவும் செய்யவில்லை. கண் திறந்தபோது பச்சைச் சீலையோடு கட்டுச் சரிவில் குப்புறக் கிடந்தேன். வாய்க்குள் மண். கைத்தொலைபேசி குளத்துக்குள். கீழே அப்பாவும் வரம்போடு வரம்பாகப் படுத்திருந்தார். இரண்டு பேரும் எழும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மண்ணைத் தட்டினோம். முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்களாம். நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறேன்.

சுவிஸில் கடைசியாகக் கேட்டது என் குரல்: "அம்மா! எல்லாரும் பங்கருக்க இறங்குங்கோ!" அதோடு நான் அறுந்துபோனேன். அங்கேயே பிறந்து வளர்ந்த அந்தக் கூட்டாளிமார் இரண்டு பேரும், "பங்கர் எங்க? மேப்பில காட்டேல்லையே!" என்று எங்கள் பதுங்குகுழியைக் கோட்டையைச் சுற்றித் தேடினார்களாம். தேடித் தோற்றார்களாம்.

இரண்டு நாள் கழித்து சித்தி வந்தா. நேரே குசினிக்குப் போய், அடுப்படியில் நின்ற அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினா. "அக்கா, மாப்பிள்ளையின்ர தமக்கைக்காரி கேக்கிறா... பிள்ளைக்கு ஏதும் பயவருத்தம் இருக்கோ எண்டு."

அம்மா அழத் தொடங்கினா. பெண்ணுக்குப் பயத்தால் மனநோய் என்று ஒரு கதை கிளம்பினால் இனி எவரும் படலை திறந்து வரமாட்டார்கள் என்று அவவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு எவரும் வேண்டாம், அந்தச் சண்டைக்காரன்தான் வேண்டும் என்பதை நான் யாரிடம் சொல்வது? அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அம்மாவின் கைத்தொலைபேசியில் விளையாட்டைத் திறந்து பார்த்தேன். அவருக்குப் பதிலாக அந்தச் சிவப்பு எழுத்துத்தான் இருந்தது.

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"சண்டையை விட்டு ஓடினதுக்குத் தண்டனையாம் அப்பா."

"ஓடினதுக்கோ?" அப்பா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "நாங்கள் நேரத்தோட ஓடாததுக்கெல்லோ தண்டனை அனுபவிச்சனாங்கள்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சித்தி சிரித்தா, அழுதுகொண்டிருந்த அம்மாவும் சிரித்தா, நானும் சிரித்தேன். சுவரில் இருந்த அண்ணாவின் படத்தை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. நேரத்தோடு ஓடாததில் போனவன் அவன்.

சில கிழமைகள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல், நிரூபன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அக்கா வந்தது என்னைச் சோதிக்கத்தான். கதிரையில் உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டா. "நித்திரை ஒழுங்கா வருமோ? தலையிடி இருக்கோ? மருந்தேதும் எடுக்கிறீங்களோ?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, விடுங்கோ" என்றார். அப்பாவை "ஐயா" என்று கூப்பிட்டு மழையைப் பற்றிக் கேட்டார்.

அன்றும் காலையில் ஒலிபெருக்கி போயிருந்தது. நான் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன் என்று இப்போது எனக்கு மச்சாளாகிவிட்ட அந்த அக்கா இன்றைக்கும் சொல்லுவா. அபாண்டம். தேத்தண்ணி ஊற்றுகிற அவதியில் மறந்துபோனேன். (பாதி உண்மை.)

வெடித்தது. இந்த முறை நான் எதிர்பார்த்திருந்தபடியால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா "என்னது?" என்று எழும்பினா. மாப்பிள்ளையின் கதிரை வெறுமையாக இருந்தது. அவர் மேசைக்குக் கீழே, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு, முகத்தை நிலத்தோடு ஒட்டிக் கிடந்தார். வெள்ளைச் சேட்டெல்லாம் தேத்தண்ணி.

அப்பா மெல்லக் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார்.

"தம்பி, களத்தை விட்டிட்டீர். இப்ப உமக்கு எவ்வளவு நேரம்?"

"முதல் தரம், அஞ்சு நிமிசம்," என்றார், முகத்தை எடுக்காமலே. பிறகு, "மாமா" என்றார்.

குசினி வாசலில் நின்ற அம்மா அந்த "மாமா"வைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டா. நான் மேசையருகில் போய்க் குந்தினேன். "என்ன, காரணம் கேக்க வேண்டாமோ?"

"கேளுங்கோ," என்றார். "ஆராவது கேளுங்கோ."

அக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அவருடைய முதுகில் கை வைத்தா. "இவ்வளவு வருசமா எனக்கு ஒண்டும் சொல்லேல்லையேடா" என்று விம்மினா. பயவருத்தக் கதையை அதன் பிறகு எவரும் எடுக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் யார் சாப்பாட்டு மேசையில் இருந்து இடையில் எழும்பினாலும் "அஞ்சு நிமிசம் வெளியில நில்" என்பதுதான் பகிடி. போன மாதம் மகளின் ஆறாவது பிறந்தநாள். கேக் வெட்டுகிற நேரம் பலூன் ஒன்று வெடித்தது. அவளும் விருந்தாளிகளும் நின்றபடி நின்றார்கள். தகப்பனும் தாயும் மேசைக்குக் கீழே முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு கிடந்தோம். அவள் கேக் கத்தியோடு குனிந்து பார்த்து, தாத்தா சொல்லிக்கொடுத்த மாதிரியே கட்டளை போட்டாள்:

"அம்மாவும் அப்பாவும் அஞ்சு நிமிசம் வெளியில!"

எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டு வெளியில் போய் நின்றோம். காரணம் என்னவென்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்கிற வயது வந்துகொண்டிருக்கிறது.